கையும் கல்வியும்

என் இளமைக் காலத்தில், மேலூரிலிருந்தும் அலங்காநல்லூரிலிருந்தும் மதுரைக்கு வரும் சாலைகளில் விடியற்காலையிலேயே மிதிவண்டிகள் வரிசையாக வரும். ஒன்றில் பாற்குடங்கள் தொங்கும். மற்றொன்றில் வாழைத்தார்கள் அடுக்கப்பட்டிருக்கும். கடையில் வாங்கியபடியே இருக்கும் வண்டி அப்பெருஞ்சுமையைத் தாங்காது. ஆதலின், ஊர்ப் பட்டறைக்காரர் இரும்புக் கம்பிகளை வளைத்துப் பொருத்தி அதனை வலுப்படுத்தித் தருவார். "என்ன சுமை? எவ்வளவு தூரம்?" என்பதே அவர் முதலில் கேட்கும் வினா. பால்காரர் வண்டிக்கு ஒரு முறை. பழக்காரர் வண்டிக்கு வேறொரு முறை.

ஏறுவோரை நோக்கி வண்டியை அமைக்கும் இக்கலை, பிரான்சு நாட்டில் மிக உயர்ந்த நிலையை எய்தியது. பாரிசு நகரை அடுத்த லெவல்லுவா-பெரே என்னும் ஊரில், அலெக்சு சிங்கர் என்பவர் 1938ஆம் ஆண்டில் பட்டறை ஒன்றை நிறுவினார். ரெனே எர்சு என்னும் வல்லுநரும் அவ்வூரிலேயே தொழில் புரிந்தார். இத்தகையோர் வண்டி வேண்டுபவரின் காலளவையும் கையளவையும் முதலில் குறித்துக்கொள்வர். அவ்வளவிற்கேற்ப மெல்லிய எஃகுக் குழாய்களை அறுத்து, அரத்தால் இழைத்து, பித்தளையை உருக்கிப் பற்றவைத்துச் சட்டம் அமைப்பர். விளக்கும் சுமைதாங்கியும் பின்னர் ஒட்டவைத்தவையாக இரா; வண்டியோடு ஒன்றி நிற்கும். அந்நாட்டில் இவ்வண்டிகளுக்கெனத் தனிப் போட்டிகளும் நடந்தன. எடை குறைந்திருத்தல் மட்டும் போதாது. கரடுமுரடான மலைப்பாதையில் ஓடியும் பழுதுபடாதிருத்தல் வேண்டும். 1976இல் எர்சு மறைந்தபின், அவர்தம் மகள் லிலியும் மருமகனும் அத்தொழிலைத் தொடர்ந்து நடத்தினர்.

"ஆலையில் செய்யும் வண்டி மலிவன்றோ?" என்று நீங்கள் வினவலாம். உண்மையே. 1949இல் அம்பத்தூரில் தொடங்கப்பெற்ற ஆலை போன்றவையே எளியோர்க்கும் மிதிவண்டி கிட்டச் செய்தன. பள்ளி மாணவர்க்கு அரசு வழங்கும் விலையில்லா மிதிவண்டியும் ஆலைப் பொருளே. ஆலையை நான் பழிக்கவில்லை. ஆயின், ஆலை பலர்க்கும் பொதுவானதைச் செய்யும். ஒருவர்க்கே உரியதைச் செய்யக் கைவினைஞர் வேண்டும்.

மாணவர்களே! ஏடு பயின்றவரே கற்றவர் என்று எண்ணாதீர்கள். நான் ஏடு பயின்று வாழ்ந்தவன். ஓர் அசை மிகுந்தால் வெண்பா சிதையும் என்பதை அறிவேன். குழாய் ஒரு நூலளவு பிழைத்தால் வண்டி ஒருபுறம் இழுக்கும் என்பதைப் பட்டறைக்காரர் அறிவார். இரண்டும் கல்வியே. பிரான்சு நாட்டார் தம் கைவினைஞரின் பெயரைப் போற்றிக் காத்தனர். நம் ஊர்ச் சாலைகளில் அத்துணைச் சுமையையும் தாங்கச் செய்தவரின் பெயரை நாம் கேட்டும் அறியோம். இனியேனும் பட்டறை வாயிலைக் கடக்கும்போது சற்றே நின்று, அவர் பெயரைக் கேளுங்கள். அவர் கைத்தொழிலை உற்று நோக்குங்கள்.