ஆளுக்கொரு வட்டி, எல்லாருக்கும் ஒரே டயட்டா?

போபாலுக்கு மாற்றலாகி வந்து நாலு வருஷம் ஆகிறது. காலையிலேயே போஹாவும் ஜிலேபியும் தின்னும் ஊர். ஒன்றரை வருஷத்தில் பேண்ட் எதுவும் இடுப்பில் நிற்கவில்லை. அரிசி, கோதுமை, சர்க்கரை மூன்றையும் நிறுத்தி முட்டை, பனீர், காய்கறி என்று மாறினேன். நாலு மாதத்தில் ஒன்பது கிலோ குறைந்தது. அதோடு வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். பிரசங்கம் பண்ண ஆரம்பித்தேன்.

பக்கத்து சீட் வர்மாஜிதான் முதல் சீடர். ஐம்பத்து நாலு வயசு. மூன்று மாதம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தும் ஒரு கிலோதான் இறங்கியது. "வீட்டுல ஒளிச்சு வச்சு சமோசா சாப்பிடறீங்களா வர்மாஜி?" என்று சாப்பாட்டு மேஜையில் எல்லார் முன்னாலும் கேட்டேன். எல்லாரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். அடுத்த வாரம் இன்னும் கடுமையாக இருந்து, வியர்த்துக் கொட்டி, கை நடுங்கி, சீட்டிலேயே சரிந்துவிட்டார். ரத்தத்தில் சர்க்கரை அதலபாதாளத்தில்.

அவர் சர்க்கரைக்கு மாத்திரை போடுகிறவர். நான் கேட்கவே இல்லை. சில மாத்திரைகளின் அளவைக் குறைக்காமல் மாவுச்சத்தை மட்டும் நிறுத்தினால் இப்படித்தான் ஆகும் என்று டாக்டர் என்னையும் சேர்த்துத் திட்டினார். பிழைத்தார். என் குருபீடம் அன்றோடு காலி.

நிற்க.

இருபது வருஷமாகக் கடன் கொடுக்கும் வேலை பார்க்கிறேன். வருமானம், பழைய பாக்கி, சிபில் எல்லாம் பார்க்காமல் ஒருத்தருக்கும் ஒரு ரூபாய் கொடுத்ததில்லை. அதே நான், பக்கத்து சீட்டுக்காரர் உடம்பைப் பற்றி ஒரு கேள்வி கேட்காமல் டயட்டை சாங்ஷன் பண்ணினேன்!

என்னைப் போன்ற பிரசங்கிகளுக்காக ஒரு கணக்கு. 2018-ல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் கிறிஸ்டஃபர் கார்ட்னர் குழு வெளியிட்டது. 609 பேர், ஒரு வருஷம். பாதிப்பேருக்குக் கொழுப்பு குறைவு, பாதிப்பேருக்கு மாவுச்சத்து குறைவு. சராசரியாகக் குறைந்த எடை, முதல் கோஷ்டிக்கு 5.3 கிலோ, இரண்டாவதுக்கு 6 கிலோ. பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் இரண்டு கோஷ்டியிலும் சுமார் 30 கிலோ இறங்கியவரும் உண்டு, 10 கிலோ ஏறியவரும் உண்டு! சராசரியைக் காட்டிச் சண்டை போடும் பேலியோ அன்பர்களும் ஓட்ஸ் அன்பர்களும் இந்த வரியைப் படிப்பதே இல்லை.

"ஏறினவன் ஏமாத்தியிருப்பான் சார்" என்பீர்கள். சிலர் ஏமாற்றியிருக்கலாம். ஆனால் 1990-ல் வெளியான கனடா ஆய்வில் ஏமாற்ற வழியே இல்லை. க்ளோட் பூஷார் 12 ஜோடி ஒட்டுருவ இரட்டையர்களை இரவும் பகலும் கண்காணிப்பில் வைத்து, 84 நாள், நாளுக்கு 1000 கலோரி கூடுதலாகக் கொடுத்தார். எல்லாருக்கும் அதே 1000. ஏறியது ஒருவருக்கு 4.3 கிலோ, இன்னொருவருக்கு 13.3 கிலோ. ஒரே ஜோடிக்குள் இருந்த வித்தியாசமோ, ஜோடிக்கு ஜோடி இருந்த வித்தியாசத்தைவிடக் குறைவு. கலோரிக் கணக்கு பொய் இல்லை. ஆனால் அதே வரவை எவ்வளவு செலவழிப்பது, எவ்வளவு சேமிப்பது என்பதை ஒவ்வொரு உடம்பும் தன் போக்கில் முடிவு செய்கிறது. பசியும் அப்படித்தான்.

இதைப் படித்ததும் எச்சிலை டப்பாவில் அனுப்பி ஜீன் டெஸ்ட் பண்ணக் கிளம்பாதீர்கள். கார்ட்னர் குழு அதையும் பார்த்தது. அவர்கள் பார்த்த ஜீன் வகைகளோ, இன்சுலின் சுரப்போ, யாருக்கு எந்த டயட் பலிக்கும் என்று முன்கூட்டியே சொல்லவில்லை. உடம்புக்கு உடம்பு வித்தியாசம் உண்டு. அதை ஜோசியம் சொல்ல இன்னும் ஆள் இல்லை. காசு மிச்சம்.

அப்புறம் என்னதான் வழி? மாத்திரை போடுகிறவர் முதலில் டாக்டரைப் பாருங்கள். நம் நாக்குக்கும் வீட்டு அடுப்புக்கும் ஒத்துவருகிற ஒன்றை மூன்று மாதம் பாருங்கள். எடை, இடுப்புச் சுற்றளவு, ரத்தப் பரிசோதனை, பசி நாலையும் குறித்து வையுங்கள். பலிக்கவில்லையா? மாற்றுங்கள். அது உங்கள் ஒழுக்கத்துக்குப் போட்ட மார்க் இல்லை.

வர்மாஜி இப்போது அளவாக இரண்டு ரொட்டி, பருப்பு, மாலையில் நடை. இதில் நாலு கிலோ இறங்கியிருக்கிறது. மேஜையில் மன்னிப்பு கேட்டேன், அதே எல்லார் முன்னாலும். டப்பாவைத் திறந்து, "சாஹப், ஒரு ரொட்டி எடுத்துக்கோங்க" என்றார். எடுத்துக்கொண்டேன்.

டிஸ்கி: நான் பி.காம். டாக்டர் இல்லை. அதை முன்பே ஞாபகம் வைத்திருக்க வேண்டும்.