கதையா, ஜோசியமா?

சில தினங்களுக்கு முன் கிள்ளானில் ஒரு நண்பர் இல்லத்துக்கு இராப்போஜனத்துக்குச் சென்றிருந்தோம். கூடத்தில் தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருந்தது. நண்பரின் தாயார் எண்பது வயதை நெருங்கியவர். முப்பது வருஷகாலம் பால்மரம் வெட்டிக் காய்த்துப்போன கையால் வெற்றிலையை நீவிக்கொண்டே நாடகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். "இப்போது சின்ன மருமகள் பால் கொண்டு வருவாள். மூத்தவள் அதிலே எதையோ கலந்திருப்பாள். மாமனார் குடிக்கப் போகிற நேரத்தில் போன் வரும், டம்ளர் தட்டிக் கவிழும், அதோடு தொடரும் என்று போட்டுவிடுவான்" என்றார். அவ்வாறே பால் வந்தது, மணி அடித்தது, டம்ளர் கவிழ்ந்தது, தொடரும் என்றும் போட்டுவிட்டான்.

"எல்லாம் முன்கூட்டியே தெரிகிறதே, பிறகு ஏன் அம்மா பார்க்கிறீர்கள்?" என்று கேட்டோம்.

"வேறே என்ன தம்பி இருக்கு பார்க்க?" என்றார்.

இந்த ஒரு பதிலே இவ்வியாசத்தை எழுதும்படி நம்மைத் தூண்டிற்று. மேலே செல்லுமுன் ஒன்று சொல்லிவிடுகிறோம். தொடர்நாடகம் என்றாலே மூக்கைச் சுளிக்கும் பண்டிதக் கூட்டத்தைச் சேர்ந்தவர்கள் அல்லோம் நாம். பிரிக்பீல்ட்ஸில் வேலை முடிந்து அடுக்குமாடிப் படியேறுகையில், ஒவ்வொரு கதவிடுக்கிலிருந்தும் ஒரே நாடகத்தின் ஒரே அழுகுரல் கேட்க, நம் வீட்டுக் கதவைத் திறக்குமுன் ஏதேனும் தவறிப்போய்விடுமோ என்று பதைத்து ஓடியவர்களே நாமும். அபிமானிக்குத்தான் கோபம் வரும். அலட்சியக்காரனுக்கு என்ன வந்தது?

கதை முன்கூட்டித் தெரிந்துவிடுவதே குற்றம் என்று நாம் சொல்லவில்லை. தோட்டங்களில் திருவிழா இரவுகளில் கூத்துப் பார்த்த நம் பெரியோர்களுக்கு நல்லதங்காள் தன் ஏழு பிள்ளைகளையும் கிணற்றில் தள்ளப் போகிறாள் என்பது தெரியாதா? தெரியும். தெரிந்தும் விடியும்வரை உட்கார்ந்தார்கள், அழுதார்கள். கல்கி 1950 முதல் 1954 வரை 'பொன்னியின் செல்வ'னை வாரந்தோறும் எழுதியபோது, ஆதித்த கரிகாலன் கொலையுண்டான் என்பது உடையார்குடிக் கல்வெட்டிலேயே பொறித்துக் கிடந்த சங்கதி. ஆயினும் வாசகர் தபால்காரனை எதிர்பார்த்து வாசலில் நின்றார்கள். என்ன நடக்கும் என்பது தெரியலாம். அந்த மனிதன், அந்தப் பெண், அந்த நெருக்கடியில் என்ன செய்வார் என்பது தெரியக்கூடாது. கூத்திலும் கல்கியிலும் அது தெரியவில்லை. இன்றைய நாடகத்திலோ அதுதான் முதலில் தெரிந்துபோகிறது. நல்லவள் அழுவாள், கெட்டவள் கதவுக்குப் பின் நின்று கேட்பாள், கணவன் தாயின் பேச்சை நம்புவான். இரண்டு வருஷம் ஓடினாலும் அவர்களில் ஒருவரும் ஒரு அங்குலம் மாறமாட்டார்கள்.

இதைச் சொன்னால் நாடகக்காரர், "திருப்பங்கள் இல்லையென்றா சொல்கிறீர்கள்? வாரத்துக்கு மூன்று வைக்கிறோமே!" என்பார். வைக்கிறார்கள், மறுக்கவில்லை. செத்தவன் பிழைத்து வருகிறான். பிழைத்தவனுக்கு ஞாபகம் போய்விடுகிறது. ஞாபகம் வந்தால் அவனைப்போலவே இன்னொருவன் முளைத்துவிடுகிறான். புற்றிலிருந்து பாம்பு புறப்பட்டுக் குற்றவாளியைத் தேடிப் போகிறது. திருமணத்தை ஜாதகம் தடுக்கிறது. தடுத்ததைப் பரிகாரம் நீக்குகிறது. கழைக்கூத்தாடி குட்டிக்கரணம் போட்டால் நாமும் ஒரு கணம் திடுக்கிடுகிறோம். அதற்காக அவன் நமக்கு ஒரு கதை சொன்னான் என்று ஆகிவிடுமா? பாத்திரத்தின் உள்ளத்திலிருந்து பிறக்கும் ஆச்சரியம் வேறு, ஆசிரியரின் மடியிலிருந்து விழும் ஆச்சரியம் வேறு. முன்னதைக் கண்டால், "அட, இதை நாம் எண்ணவில்லையே! ஆனால் இவள் இதைத்தான் செய்திருப்பாள்" என்கிறோம். பின்னதைக் கண்டால் நண்பரின் தாயாரைப்போல வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொள்கிறோம்.

இந்தக் குட்டிக்கரணங்களுக்குக் காரணமும் இல்லாமல் இல்லை. சென்னையில் 1993ஆம் ஆண்டு சன் தொலைக்காட்சி தொடங்கிற்று. இந்நாட்டில் 1996ஆம் ஆண்டு ஆஸ்ட்ரோ வந்தது. 'சித்தி', 'மெட்டி ஒலி', 'கோலங்கள்' என்று சென்னைச் சரக்கு நம் கூடத்துக்கு வந்து சேர்ந்தது. 'கோலங்கள்' 2003 முதல் 2009 வரை 1,500 பகுதிகளுக்கு மேல் ஓடிற்று. இவ்வளவு நீண்ட கதைக்கு முடிவை முதலிலேயே எண்ணி வைப்பவர் யார்? அங்கே 2015 முதல் பார்க் என்னும் அமைப்பு எத்தனை பேர் பார்த்தார்கள் என்று வாரந்தோறும் கணக்கு வெளியிடுகிறது. கணக்கு ஏறினால் கல்யாணம் தள்ளிப்போகும். இறங்கினால் பாம்பு வரும். அந்தக் கணக்கில் கிள்ளானும் இல்லை, காப்பாரும் இல்லை. சென்னையிலும் மதுரையிலும் எண்ணப்பட்ட தலைகளுக்காகச் சமைத்த கஞ்சியையே நாமும் பணம் கட்டிக் குடிக்கிறோம்.

நல்லது வந்தபோது நாம் வாழ்த்தாமல் இருந்ததில்லை. 1990களின் பிற்பகுதியில் கே. பாலசந்தரின் மின்பிம்பங்கள் தயாரிப்பில், இந்திரா சௌந்தர்ராஜன் எழுத, நாகா இயக்கிய 'மர்ம தேசம்' தொடரில் 'விடாது கருப்பு' என்றொரு கதை வந்தது. கிராமத்துக் காவல் தெய்வம் குற்றவாளிகளைக் கொல்கிறது என்று ஊரே நம்புகிறது. பார்த்திருந்த நாமும் பாதி நம்பினோம். கடைசியில் கொலைக்கு மூலம் ஒரு மனிதனின் பிளவுபட்ட மனமே என்று தெரிந்தபோது, அதுவரை கண்ட ஒவ்வொரு காட்சியையும் மனத்தில் திரும்ப ஓட்டிப் பார்த்தோம். எல்லாம் பொருந்திற்று. குதிரைக் குளம்பொலிக்குப் பயந்து போர்வைக்குள் ஒளிந்த பிள்ளைகள் மறுவாரம், "இது எப்படி ஆகும்?" என்று தகப்பன்மாரைக் கேள்வி கேட்டார்கள். நூறு பகுத்தறிவுப் பிரசங்கங்கள் செய்யாத வேலை அது. அக்கதையும் ஆங்காங்கே தெய்வத்துக்கு ஒரு சன்னலைத் திறந்தே வைத்திருந்தது என்பதை நாம் மறைக்கவில்லை.

அண்மையில் 'எதிர்நீச்சல்' வந்தது. 2022ஆம் ஆண்டு தொடங்கிய அத்தொடரில் படித்த பெண்கள் நால்வர் ஆதி குணசேகரன் என்னும் ஒருவனது வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு, படிப்பை அடுப்பில் போட்டுவிட்டு நிற்கிறார்கள். அந்தக் குணசேகரனாக நடித்த மாரிமுத்துவை நம் ஜனங்கள் வெறுத்துக்கொண்டே நேசித்தார்கள். ஏன்? அவன் அடுத்து என்ன பேசுவான் என்பது எவருக்கும் தெரியாது. ஆனால் பேசிய பின், நம் சித்தப்பன் பேசுகிற பேச்சாக அது இருக்கும். 2023ஆம் ஆண்டு செப்டம்பர் 8ஆம் தேதி, அத்தொடருக்குக் குரல் கொடுத்துக்கொண்டிருந்தபோதே அவர் மாரடைப்பால் காலமானார். எந்தக் கதாசிரியரும் எழுதத் துணியாத திருப்பம் அது. பிறகு எழுத்தாளர் வேல ராமமூர்த்தி அப்பாத்திரத்தை ஏற்று நடித்தார். தொடர் 2024இல் முடிந்தது. நடிகர் மாறினால் என்ன, கதை இருக்கிறதே என்றார்கள். ஆனால் பலர் பார்ப்பதை நிறுத்தியதை நாம் நேரில் கண்டோம். கதை என்று நாம் நினைத்திருந்தது பெரும்பகுதி ஒரு மனிதனாக இருந்திருக்கிறது!

ஆங்கிலத் தொடர்களைக் காட்டி நம்மை மடக்க வரும் வாலிபர்களுக்கும் ஒரு வார்த்தை. 'கேம் ஆஃப் துரோன்ஸ்' 2011இல் தன் முதற்பருவத்திலேயே நாயகன் என்று நாம் நம்பியவனின் தலையை வெட்டிற்று. உலகமே திகைத்தது. அவனுடைய நேர்மையே அவனைக் கொன்றது என்பதால் அத்திகைப்புக்கு மதிப்பிருந்தது. 2019இல் கடைசிப் பருவம் வந்தபோது, திருப்பங்கள் இருந்தன, காரணங்கள் மெலிந்துவிட்டன. அதைத் திருப்பி எடுக்கச் சொல்லி 15 இலட்சம் பேருக்குமேல் கையொப்பமிட்டார்கள். வெள்ளைக்காரன் போட்டாலும் குட்டிக்கரணம் குட்டிக்கரணமே.

"நாள் முழுதும் உழைத்துக் களைத்தவன் சாயங்காலம் ஒரு நாடகம் பார்க்கிறான். அதிலும் வந்து தர்க்கம் பேசுகிறீர்களே" என்று சிலர் கேட்கக்கூடும். உழைத்தவனுக்கு இளைப்பாற்றல் வேண்டியதுதான். ஆனால் அவன் காதில் இரவுதோறும் ஓதப்படுவது என்ன? மருமகள் மருமகளாகவே இருப்பாள், ஏழை ஏழையாகவே இருப்பான், தலையில் எழுதியது நடக்கும், நடுவில் பாம்போ சாமியோ வந்து கணக்குத் தீர்க்கும் என்பதுதானே? கோயில் திண்ணையில் ஜோசியன் காசு வாங்கிக்கொண்டு சொன்னதையே இவர்கள் விளம்பரம் வாங்கிக்கொண்டு சொல்கிறார்கள். மனிதன் மாறமாட்டான் என்று ஓயாமல் காட்டுகிற கதையை வெறும் பொழுதுபோக்கு என்று நாம் எப்படித் தள்ளிவிட முடியும்?

இதே கிள்ளானை எடுத்துக்கொள்வோம். 1940ஆம் ஆண்டில் ஒரு நாடக ஆசிரியரை அழைத்து, "தோட்டத்துத் தமிழனின் அடுத்த அத்தியாயத்தை எழுதுக" என்று கேட்டிருந்தால் என்ன எழுதியிருப்பார்? விடியுமுன் பிரட்டுக்கு நிற்பான், மரம் வெட்டுவான், கிராணியிடம் ஏச்சு வாங்குவான், மாலையில் கள்ளுக்கடைக்குப் போவான், துரை எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்கிக் கைகட்டுவான் என்றுதான் எழுதியிருப்பார். கங்காணியும் துரையும் அப்படித்தான் எழுதி வைத்திருந்தார்கள். 1941இல் அந்த ஜனங்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். சீனத் தொழிலாளிக்கு நிகரான கூலி கேட்டார்கள். பிள்ளைகளுக்குப் படிப்பும் பெண்களுக்கு மானமும் கேட்டார்கள். கள்ளுக்கடையை மூடு என்றார்கள். குடிகாரன் என்று ஏசப்பட்டவனே அதைக் கேட்டான் என்பதைக் கவனியுங்கள்! துரைக்கு எதிரே சைக்கிளை விட்டு இறங்கமாட்டோம் என்பதும் ஒரு கோரிக்கை. அவர்களை முன்னின்று நடத்தியவர்களில் ஒருவரான ஆர். எச். நாதன் 'தமிழ் நேசன்' பத்திரிகையில் வேலை பார்த்தவர். மே மாதம் அவரைப் பிடித்து, பின்னர் நாடு கடத்தினார்கள். பட்டாளம் வந்தது, உயிர்கள் போயின. இந்தத் திருப்பத்தில் ஞாபகமறதியும் இல்லை, இரட்டைப் பிறவியும் இல்லை. எவரும் எதிர்பார்க்கவில்லை, ஆனால் பிறகு யோசித்தால், அத்தனை வருஷம் சைக்கிளை விட்டு இறங்கியவன் ஒரு நாள் இறங்கமாட்டேன் என்பதைத் தவிர வேறு என்ன செய்திருப்பான்?

இப்படிப்பட்ட சரக்கை வீட்டுக் கொல்லையிலேயே வைத்துக்கொண்டு, நாம் மதுரைப் பங்களாவில் பால் டம்ளர் கவிழ்வதை ஏன் பார்க்க வேண்டும்? நம்மவர்களால் முடியாது என்பது பொய். சஞ்சய் குமார் பெருமாள் 2015இல் 'ஜகாட்' எடுத்தார். கெட்டவன் என்னும் மலாய்ச் சொல் நம் வாயில் மருவிய பெயர் அது. தோட்டத்தை விட்டுப் பெயர்ந்த குடும்பத்தில் கெட்டிக்காரப் பிள்ளை ஒருவன் எப்படி அந்தப் பெயரைச் சம்பாதிக்கிறான் என்பதே கதை. அவனை அடிக்கும் தகப்பனைக்கூட நம்மால் வெறுக்க முடியவில்லை. 2016இல் மலேசியாவின் சிறந்த படம் என்ற விருதை அது பெற்றது. உள்ளூரில் தமிழ் நாடகம் எடுப்போருக்கு நமது விண்ணப்பம் இதுவே: சென்னையைப் பார்த்து மாமியார் செய்யாதீர்கள். பகுதி குறைவாயிருக்கட்டும், பங்களா வேண்டாம், நகை வேண்டாம். ஒரு பாத்திரத்துக்காவது தன் மனத்தை மாற்றிக்கொள்ள இடங்கொடுங்கள்.

அன்றிரவு விளம்பரம் ஓடுகையில் நண்பரின் தாயாரிடம் தோட்டத்தைப் பற்றிக் கேட்டோம். தோட்டம் விற்கப்பட்டு, வீட்டைக் காலி செய்யச் சொல்லிக் கடிதம் வந்த வருஷத்தைச் சொன்னார். ஆண்கள் மரத்தடியில் கூடிப் பேசிக்கொண்டேயிருந்தார்களாம். இவர் அதுவரை ஆபீஸ் படியை மிதித்தவரில்லை. மறுநாள் பிரட்டுக்குப் போகாமல், பால் வாளியோடு நேரே ஆபீசுக்குள் நுழைந்து மேசைமேல் வாளியை வைத்தாராம்.

"வைத்து?" என்றோம்.

"அன்றைக்கு என் வாயிலிருந்து என்ன வரும் என்று எனக்கே தெரியாது, தம்பி" என்று ஆரம்பித்தார். அதற்குள் விளம்பரம் முடிந்துவிட்டது. பேரப்பிள்ளை எழுந்து போய்த் தொலைக்காட்சியை அணைத்தான்.