அணைக்கப்படாத வால்வுகள்

பழைய வானொலிப் பெட்டிகளோடு பழகிய பெரியோர் நம் வாசகர் இல்லங்களில் இன்னும் பலர் இருப்பர். விசையைத் திருகியதும் அப்பெட்டி உடனே பேசாது. உள்ளேயிருக்கும் கண்ணாடி வால்வுகள் மெல்லச் சிவந்து சூடேறிய பின்னரே குரல் வெளிவரும். அவ்வால்வுகளுள் ஒன்று கெட்டுப்போவதும் பெரும்பாலும் பெட்டியைப் போடும் வேளையிலேதான். பழைய மின்குமிழும் அப்படித்தான். எரிந்துகொண்டிருக்கையில் இழை அறுவதிலும் பார்க்க, விசையைத் தட்டிய கணத்திற் பளிச்சென்று அறுவதே அதிகம். இதைக் கண்டவர் அநேகர். ஆயினும் இச்சிறு உண்மையை நம்பி, இரண்டாம் உலக மகாயுத்தத்தின் போக்கிற்கு உதவிய ஓர் இயந்திரத்தைக் கட்டியெழுப்பியவர் ஒருவர். தோமஸ் ஹரல்ட் பிளவர்ஸ் என்பது அவர் பெயர். அலன் ரியூரிங்கின் பெயரை அறிந்த மாணவர் பலர் உளர். பிளவர்ஸின் பெயரை அறிந்தோர் மிகச் சிலரே.

பிளவர்ஸ் 1905ஆம் ஆண்டு டிசெம்பர் 22ஆந் திகதி, கிழக்கு இலண்டனில் உழைப்பாளர் நிறைந்து வாழ்ந்த பொப்லர் என்னும் பகுதியிற் பிறந்தார். தந்தையார் மேசன் வேலை செய்தவர். சிறுவனுக்கு ஐந்து வயதாயிருக்கும்போது, வீட்டிற் தங்கையொருத்தி பிறந்திருக்கிறாள் என்று மகிழ்ச்சியோடு சொன்னார்களாம். அதற்குப் பதிலாக ஒரு மெக்கானோப் பெட்டி கிடைத்திருந்தால் நன்றாயிருக்குமே என்றானாம் பிள்ளை! பின்னர் வுல்விச் ஆயுதத் தொழிற்சாலையிற் பகலிலே தொழில் பயின்று, இரவு வகுப்புக்களிற் படித்து, இலண்டன் பல்கலைக்கழகத்தின் மின்னெந்திரவியற் பட்டத்தைப் பெற்றார். 1926இல் தபாற் கந்தோரிற் சேர்ந்தார். அக்காலத்தில் இங்கிலாந்தின் தொலைபேசிச் சேவை தபாற் பகுதியின் கையில் இருந்தது. 1930 முதல் டொலிஸ் ஹில் ஆராய்ச்சி நிலையமே அவருடைய இடமாயிற்று.

அங்கே, தொலைபேசி நிலையங்களுக்கிடையே இணைப்புக்களைத் தாமாகவே ஏற்படுத்தும் வேலைக்கு வால்வுகளைப் பயன்படுத்தலாமா என்று அவர் ஆராய்ந்தார். 3000 முதல் 4000 வரையிலான வால்வுகளைக் கொண்ட பரிசோதனை அமைப்பொன்றையும் செய்துபார்த்தார். அப்போது அவர் கண்டுகொண்டது இதுதான்: வால்வைக் கொல்வது உழைப்பன்று; சூடேறுதலும் ஆறுதலும் மாறிமாறி வருவதே. ஒருமுறை ஏற்றிவிட்டுப் பின் அணையாமலே வைத்திருந்தால், அது நீண்டகாலம் பழுதின்றி உழைக்கும். நாளுக்குப் பலமுறை வானொலியை மூடித் திறப்போருக்கு இவ்வுண்மை புலப்படாது. இரவும் பகலும் ஓயாத தொலைபேசி நிலையத்தின் எந்திரவியலாளருக்குப் புலப்பட்டது.

யுத்தம் மூண்டது. ஜேர்மானியர் போர்முனையிற் பயன்படுத்திய எனிக்மா இயந்திரத்தைப் பற்றிப் பலரும் படித்திருப்பர். இங்கே நாம் பேசுவது வேறொன்று. ஹிட்லரும் அவருடைய தலைமைத் தளபதிகளும் தம்முள் நீண்ட செய்திகளைப் பரிமாறுவதற்கு, ரெலிபிரிண்டரோடு இணைந்த லோரன்ஸ் என்னும் இயந்திரத்தை வைத்திருந்தனர். அதற்குப் பன்னிரண்டு சக்கரங்கள். 1941 ஓகஸ்டு 30ஆந் திகதி ஜேர்மானிய உத்தியோகத்தர் ஒருவர், ஏறத்தாழ 4000 எழுத்துக்கள் கொண்ட ஒரு செய்தியைச் சக்கரங்களை மாற்றாமலே சிறு திருத்தங்களோடு இரண்டாம் முறையும் அனுப்பிவிட்டார். அச்சோம்பலைப் பற்றிக்கொண்டு, பிளெச்லி பார்க் இரகசிய நிலையத்தினர் உள்ளே புகுந்தனர். வில்லியம் ரட் என்னும் இளைஞர், அவ்வியந்திரத்தைக் கண்ணாற் காணாமலே அதன் அமைப்பு முழுவதையும் 1942இன் தொடக்கத்தில் எழுதிக்காட்டினார். மனித மூளையின் அருஞ்செயல்களுள் இதுவும் ஒன்று என்று தயங்காமற் கூறலாம்.

அமைப்புத் தெரிந்தும் என்ன? ஒவ்வொரு செய்திக்கும் சக்கரங்கள் எந்த நிலையிலிருந்து புறப்பட்டன என்பதைக் கண்டறியவேண்டும். கையாற் கணக்கிட்டால், விடை வருமுன் செய்தி பழங்கதையாகிவிடும். ஆகவே கணிதப் பேராசிரியர் மக்ஸ் நியூமனின் யோசனைப்படி ஓர் இயந்திரம் 1943இல் செய்யப்பட்டது. இரண்டு காகித நாடாக்கள் அதில் அருகருகே ஓடின. ஒன்றிற் செய்தி, மற்றதிற் சக்கரங்களின் கோலம். நாடாக்கள் நீண்டன, கிழிந்தன, ஒன்றையொன்று தவறவிட்டன. விசித்திரப் பொறிகளைக் கேலிச்சித்திரமாய் வரைந்த ஹீத் றொபின்சனின் பெயரையே அதற்குச் சூட்டிவிட்டனர்.

முன்னொரு வேலையிற் பிளவர்ஸின் திறமையைக் கண்டிருந்த ரியூரிங் அவரை நியூமனிடம் அறிமுகஞ் செய்தார். பிளவர்ஸ் சொன்ன யோசனை எளிமையானது. சக்கரக் கோலத்தை நாடாவில் ஏன் துளையிட்டு வைக்கவேண்டும்? அதை வால்வுகளே மின்துடிப்பாக ஆக்கித் தரட்டும். அப்போது மிஞ்சுவது செய்தி நாடா ஒன்றே. ஒரு நாடா ஓடும்போது எதனோடு ஒத்திசைய வேண்டும்? ஆனால் அதற்கு 1600 வால்வுகள் வேண்டும் என்றதும் பிளெச்லியில் இருந்தோர் முகஞ் சுளித்தனர். ஒரு வால்வு போனாலே வானொலி ஊமையாகிறதே, 1600 வால்வுகள் ஒருநாளாவது ஒருமித்து உழைக்குமா என்பது அவர்கள் வாதம். அவர்களைக் குறைசொல்வதற்கில்லை. அவர்கள் கண்டிருந்தது அணைத்து ஏற்றும் வால்வுகளையே.

டொலிஸ் ஹில் தலைவர் ராட்லி தம் உத்தியோகத்தரை நம்பினார். பிளவர்ஸும் தோழர்களும் பதினொரு மாதங்கள் இரவு பகலாக உழைத்தனர். அவர் தம் சொந்தப் பணத்தையும் செலவிட்டார். 1944 ஜனவரியிற் பிளெச்லிக்கு வந்து சேர்ந்த அவ்வியந்திரம் அறை கொள்ளாத பெருந்தோற்றத்தது. கொலோசஸ் என்று பெயரிட்டனர். பெப்ரவரி 5ஆந் திகதி முதற் செய்தியை ஆராய்ந்தது. ஒளியினால் நாடாவைப் படித்து, விநாடிக்கு 5000 எழுத்துக்களைச் சக்கரக் கோலத்தோடு ஒப்பிட்டு எண்ணியது. எண்ணிக்கை எங்கே வழக்கத்துக்கு மிஞ்சியதோ, அங்கே சரியான நிலை இருக்கலாம். வால்வுகள் அணைக்கப்படவில்லை, இயந்திரமும் சோரவில்லை.

சந்தேகித்தோர் இப்போது அவசரப்பட்டனர். ஜூன் 1ஆந் திகதிக்குள் அடுத்தது வேண்டுமென்றனர். 2400 வால்வுகளுள்ள அவ்வியந்திரம் மே 31ஆந் திகதி நள்ளிரவு கடந்தும் இயங்க மறுத்தது. மற்றவர்கள் சோர்ந்து வீடு சென்றனர். சாண்ட்லர் என்பவர் மட்டும் தனித்திருந்து, குழாயொன்று கசிந்து நிலத்தில் நீர் பரவியதையும் பொருட்படுத்தாது பழுதைத் தேடினார். காலையில் மற்றவர்கள் திரும்பியபோது இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. ஐந்து நாட்களின் பின் நேசப் படைகள் நோர்மண்டிக் கரையில் இறங்கின. யுத்தம் முடியுமுன் பத்துக் கொலோசஸ்கள் இயங்கின. அவற்றை இயக்கியோர் கடற்படை மகளிர். இன்றைய கணனியைப்போல எவ்வேலையையும் செய்யக்கூடியதன்று கொலோசஸ். கட்டளைகளைச் செருகிகளாலும் விசைகளாலும் அமைக்கவேண்டும். எனினும் வால்வுகளால் இத்துணைப் பெரிய கணிப்பு நடக்கும் என்பதை மெய்ப்பித்தது அதுவே.

யுத்தம் முடிந்தது. அவற்றுட் பெரும்பாலானவை பிரித்தெறியப்பட்டன. வரைபடங்களை அழிக்கும்படி பிளவர்ஸுக்கே கட்டளை வந்தது. அவர் அவற்றை டொலிஸ் ஹில் உலையிலிட்டு எரித்தார். அரசாங்கம் 1000 பவுண் சன்மானம் வழங்கியது. அதில் ஒரு பங்கை அவர் உடன் உழைத்தோருக்குக் கொடுத்தார். 1946இல் அமெரிக்காவின் எனியாக் வெளியானபோது, உலகம் அதனை முதல் மின்னணுக் கணனியென்று கொண்டாடியது. இவர் வாய் திறக்கவில்லை. வாய் திறவாமை அவருடைய தொழிலையும் வருத்தியது. தொலைபேசி நிலையங்களை முற்றாக வால்வு முறைக்கு மாற்றலாம் என்று அவர் வாதாடியபோது, எங்கே சான்று என்றனர் மேலதிகாரிகள். சான்று இருந்தது, சொல்ல அனுமதி இல்லை. தமக்கு அறிவு இருந்தது, செல்வாக்குத்தான் இல்லை என்ற பொருளில் அவர் பிற்காலத்திற் குறிப்பிட்டார். வாதத்திலே தோற்பவர் உண்மை தெரியாதவராய் இருக்கவேண்டும் என்பதில்லை.

இரகசியத் திரை 1970களின் நடுப்பகுதியிற் சிறிது விலகியது. 1977இல் நியூகாசில் பல்கலைக்கழகம் அவருக்குக் கௌரவக் கலாநிதிப் பட்டம் வழங்கியது. 1993இல், தம் எண்பத்தேழாம் வயதில், ஹென்டன் கல்லூரியிற் சொந்தக் கணனியைப் பயன்படுத்தும் ஆரம்பப் பாடத்தைப் படித்து அவர் சான்றிதழ் பெற்றார். 1996இல், மீந்திருந்த சில படங்களையும் பழைய எந்திரவியலாளரின் நினைவுகளையும் துணைகொண்டு ரொனி சேல் என்பவர் பிளெச்லியில் மீள அமைத்த கொலோசஸ் இயக்கிவைக்கப்பட்டபோது, பிளவர்ஸும் வந்திருந்தார். 1998 ஒக்ரோபர் 28ஆந் திகதி காலமானார்.

டொலிஸ் ஹில் ஆராய்ச்சி நிலையம் இன்று குடியிருப்பாகிவிட்டது. அங்குள்ள சிறு வீதியொன்றுக்குப் பிளவர்ஸ் குளோஸ் என்று பெயர். அச்சொல்லுக்கு ஆங்கிலத்தில் மலர்கள் என்பது பொருளாதலால், முன்பு அங்கே பூந்தோட்டம் இருந்ததோ என்று நினைத்து நடப்போரும் இருக்கக்கூடும்.