தகுதி வேறு, வேலை வேறாம்!

ஆசிரியர் அவர்களுக்கு,

டெட் எனும் ஆசிரியர் தகுதித் தேர்வு, வெயிட்டேஜ், நியமனத் தேர்வு என்று எங்கள் கதையை நீங்கள் பலமுறை அச்சிட்டிருக்கிறீர்கள். இருந்தும் மறுபடி எழுதுகிறேன். சென்ற வாரம் ஒரு கல்வி அலுவலகத்தில் கேட்ட பேச்சு மட்டும் நெஞ்சை விட்டு இறங்க மறுக்கிறது.

பக்கத்து ஊர் ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் ஆசிரியர் ஒருவர் ஓய்வு பெற்றுவிட்டார். ஐந்து வகுப்புகளையும் தலைமையாசிரியை ஒருவரே கட்டி மேய்க்கிறார். பள்ளி மேலாண்மைக் குழு மூலம் தற்காலிகமாக ஆள் எடுப்பார்கள், மாதம் 12,000 ரூபாய் தொகுப்பூதியம் என்றார்கள். விவரம் கேட்கப் போனேன். ஃபைலிலிருந்து டெட் சான்றிதழை எடுத்து நீட்டினேன். 2013 ஆகஸ்ட் 17-ல் எழுதிய முதல் தாள், 150-க்கு 96. எதிரே உட்கார்ந்திருந்தவர் அதைக் கையில் வாங்கக்கூட இல்லை. "இதை வச்சுக்கிட்டு என்னம்மா பண்றது? தகுதி வேற, வேலை வேற. ஃப்ரேம் போட்டு வீட்ல மாட்டிக்குங்க" என்றார். பக்கத்து மேசையில் இரண்டு பேர் சிரித்தார்கள். துணைக்கு வந்திருந்த என் மகள் பஸ்ஸில் வீடு வந்து சேரும்வரை என் முகத்தைப் பார்க்கவில்லை.

ஃப்ரேம் போடச் சொன்ன அந்தத் தாளை நான் எப்படி வாங்கினேன் என்று அவருக்குத் தெரியுமா? அப்போது மகளுக்கு மூன்று வயது. பகலில் தனியார் பள்ளியில் வேலை, சாயங்காலம் டியூஷன். இரவு பத்து மணிக்கு மேல்தான் புத்தகத்தைத் தொட முடியும். ஒன்றாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரை சமச்சீர்ப் புத்தகங்களைப் பருவம் பருவமாகத் தேடிச் சேர்த்தேன். பாதியைத் தெரிந்த பிள்ளைகளிடம் இரவல் வாங்கினேன். குழந்தை மேம்பாட்டுக்கு 30 மதிப்பெண். உளவியல் அறிஞர்கள் பியாஜேயையும் கோல்பர்க்கையும் வைகாட்ஸ்கியையும் அடுப்படிச் சுவரில் சாக்பீஸால் எழுதிவைத்து, தோசை வார்க்கும்போது படித்தேன். அதற்கு முந்தைய ஆண்டு, 2012 ஜூலையில் நடந்த முதல் டெட்டில் ஒன்றரை மணி நேரத்தில் 150 கேள்வியைத் திணித்து, ஆறரை லட்சம் பேருக்கு மேல் எழுதி, மூவாயிரம் பேர்கூடத் தேறவில்லை. நானும் அதில் தோற்றவள்தான். அந்த அவமானத்தோடு இன்னொரு ஆண்டு படித்து வாங்கிய 96 அது.

வாங்கிய பிறகு என்ன நடந்தது? 2002-ல் டி.டி.எட் ஆசிரியர் பயிற்சி முடித்து வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்தபோது, பதிவு மூப்புப்படி முறை வரும் என்றார்கள். பத்து வருஷம் தவறாமல் புதுப்பித்தேன். பிறகு மூப்பு கிடையாது, டெட் என்றார்கள். டெட் தேறினேன். தேறினால், 2014-ல் வெயிட்டேஜ் பார்த்துத்தான் வேலை என்றார்கள்: டெட்டுக்கு 60, டி.டி.எட்டுக்கு 25, பிளஸ் டூவுக்கு 15. நான் பிளஸ் டூ எழுதியது 2000-ல். எங்கள் ஊர் அரசுப் பள்ளியில் அன்று ஆயிரம் மார்க் எடுத்தால் ஊரே பேசும். நான் எடுத்தது 1200-க்கு 784. பத்தாண்டு கழித்து எழுதிய பிள்ளைகள் 1100 எடுத்தார்கள். பதினேழு வயதில் எடுத்த அந்த மார்க் முப்பத்திரண்டு வயதில் வந்து என் வேலையைப் பறித்தது. அதற்கும் ஒப்புக்கொண்டு காத்திருந்தால், 2018 ஜூலையில் அரசாணை 149 வந்தது. வெயிட்டேஜ் இல்லை, டெட் தேறியவர்கள் இன்னொரு போட்டித் தேர்வு எழுத வேண்டுமாம். கபடி ஆடுகிறவன் மூச்சைப் பிடித்துக்கொண்டு கோட்டைத் தொடப்போகும்போது கோட்டை அழித்துத் தள்ளிப் போடுவது எந்த ஊர் நியாயம்?

சரி, அந்தத் தேர்வையாவது உடனே வைத்தார்களா? அரசாணை 2018-ல், இடைநிலை ஆசிரியருக்கான நியமனத் தேர்வு 2024 ஜூலை 21-ல். ஆறு ஆண்டுகள்! இதற்குள் பாடப்புத்தகங்கள் மொத்தமும் மாறிவிட்டன. நாற்பது வயதைத் தாண்டி, புதுப் புத்தகங்களை மறுபடி முதலிலிருந்து வாங்கிப் படித்தேன். சில ஆண்டுகளுக்கு முன்புதான் ஆசிரியர் பயிற்சி முடித்த பெண்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எழுதினேன். கிடைக்கவில்லை. 2013 சான்றிதழ் ஏழாண்டோடு முடியும் என்றிருந்ததை மாற்றி, 2021-ல் ஆயுள் முழுவதும் செல்லும் என்று அறிவித்தார்கள். ஆயுள் முழுக்கச் செல்லும் சான்றிதழ் ஒரு நாள் வேலைக்குக்கூடச் செல்லாதென்றால் அதற்குப் பெயர் என்ன?

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 2025 செப்டம்பர் 1-ல் உச்ச நீதிமன்றம், ஓய்வுக்கு ஐந்தாண்டுக்கு மேல் இருக்கும் ஆசிரியர்கள் இரண்டு ஆண்டுக்குள் டெட் தேற வேண்டும் என்று தீர்ப்பளித்தது. எங்கள் தெருவில் இருக்கும் ஒன்றியப் பள்ளி டீச்சரம்மா அக்டோபர் முழுவதும் இரவில் என் வீட்டுக்கு வந்து படித்தார். அரசுப் பள்ளியில் இருபது வருஷம் பாடம் நடத்தியவருக்கு, ஒரு நாள்கூட அரசுப் பள்ளிக்குள் நின்று பாடம் நடத்தாத நான் பியாஜே சொல்லிக்கொடுத்தேன். அவர்மீது எனக்குக் கோபமில்லை. நல்ல ஆசிரியை. அவருடைய வேலை போய்விடக் கூடாது என்று சாமி கும்பிட்டேன். அவரைப் போன்றவர்களுக்காகத் தமிழக அரசு சீராய்வு மனு போட்டது, அதையும் வரவேற்கிறேன். ஆனால் உள்ளே இருப்பவர்களுக்கு இல்லாமல் முடியாது என்று நாட்டின் உச்ச நீதிமன்றம் சொல்லும் ஒன்றைப் பன்னிரண்டு வருஷமாகக் கையில் வைத்திருக்கும் எங்களுக்காக அரசு எந்த மனுவைப் போட்டது?

தேறியவர்கள் அதிகம், இடம் குறைவு என்பார்கள். ஓய்வு பெற்றவர் இடத்தை நிரப்பாமல் 12,000 ரூபாய்க்கு ஆள் தேடினால் இடம் எப்போதும் குறைவாகத்தான் இருக்கும். தரம் வேண்டும் என்பார்கள். தரத்தைப் பார்க்கத்தானே டெட்? அது தரத்தைக் காட்டாது என்றால் ரத்து செய்யுங்கள். காட்டும் என்றால் எங்களை நம்புங்கள். டெட் தேர்ச்சி வேலைக்கு உத்தரவாதம் இல்லையென்று விதியிலேயே இருக்கிறது என்றும் சொல்வார்கள். தேர்தல் நேரத்தில் 2013-காரர்களுக்கு வேலை தருகிறோம் என்று மேடையில் பேசியவர்களுக்கு அந்த விதி தெரியாதா?

பள்ளிக்கல்வித் துறையிடம் நான் கேட்பது இவ்வளவுதான். இடைநிலை ஆசிரியர் பணியிடங்கள் ஒன்றியவாரியாக எத்தனை காலி, அவற்றில் 2013-ல் தேறியவர்களுக்கு எத்தனை, எந்தத் தேதிக்குள் என்று எழுத்தில் அறிவியுங்கள். எதுவுமில்லை என்றால் அதையாவது எழுத்தில் சொல்லுங்கள். எனக்கு வயது 43.

இப்படிக்கு,
2013-ல் டெட் தேறிய ஓர் ஆசிரியை,
மணப்பாறை.