உத்தியோக மாற்றமும் வைத்திய இன்ஷூரன்ஸும்

அமெரிக்காவில் வேலையை விட்டவனுக்கு முதலாளி மூலம் கிடைத்த வைத்திய இன்ஷூரன்ஸும் உடன் போய்விடுகிறது. புது முதலாளியோ 90 நாள் வரை காத்திருக்கச் சொல்லலாம். இதற்குப் பரிகாரமாக 1986-ல் நிறைவேறிய 'கோப்ரா' சட்டம், 20 பேருக்குக் குறையாத ஸ்தாபனங்களினின்று விலகுவோர் 18 மாதம் வரை பழைய இன்ஷூரன்ஸைத் தொடர இடந்தருகிறது. ஆனால் முதலாளி செலுத்திவந்த பாகத்தையும் சேர்த்து, முழுப் பிரீமியத்தில் 102 சதவீதம் வரை தொழிலாளியே கட்டவேண்டும். அதுவும் சம்பளம் நின்ற சமயத்தில்! சேருவதற்கு 60 நாள் அவகாசமுண்டு; பிந்திச் சேர்ந்து பாக்கியைக் கட்டினாலும் பாதுகாப்பு நின்ற நாள் முதலே அது செல்லும். இது நல்ல ஷரத்தே. எனினும் பணமில்லாதவனுக்கு இவ்வுரிமை வெறும் காகித உரிமையே யென்பது நமது அபிப்பிராயம். 2021 ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை, வேலையினின்று நீக்கப்பட்டோருக்கு இப்பிரீமியம் முழுவதையும் சர்க்காரே ஏற்றது. ஆறு மாதம் செய்ய முடிந்ததைப் பின்னர் நிறுத்தியதற்கு யாது நியாயமென நாம் அறியோம்.