மறைந்தவர் என்று யார் சொன்னது?

(மூன்றாமாண்டு இயந்திரவியல் மாணவன்)



நம் சேவைக் கழகத்தின் கூட்டச் செய்தி மாதாமாதம் அறிவிப்புப் பலகையில் ஒட்டப்படுவதைப் பார்த்திருப்பீர்கள். படித்திருப்பீர்களா என்பது வேறு விஷயம்! இறைவணக்கத்துடன் கூட்டம் தொடங்கியது, செயலர் சென்ற கூட்டக் குறிப்பை வாசித்தார், சிறப்பு விருந்தினருக்குப் பொன்னாடை போர்த்தப்பட்டது, இத்தனை பேருக்கு இன்னது வழங்கப்பட்டது, நாட்டுப்பண்ணுடன் கூட்டம் இனிதே நிறைவுற்றது. மாதம் மாறும், 'இன்னது' மாறும், மற்றதெல்லாம் அப்படியே இருக்கும். உறுப்பினன் என்ற முறையில் நானும் இரண்டு முறை இதை எழுதியிருக்கிறேன். ஆகவே யாரையும் குறை சொல்ல நான் பேனா எடுக்கவில்லை. குறை சொல்வதென்றால் முதலில் என்னைத்தான் சொல்ல வேண்டும்.

2025 ஆகஸ்ட் மாதச் செய்தியில் ஒரு வரி வந்தது. "மறைந்த மீனவர்களின் துணைவியர் ஐவருக்கு அரிசிப் பையும் சேலையும் வழங்கப்பட்டன." உண்மையில் வாங்கியது நான்கு பேர்தான். ஐந்தாவது ஆள் வாசல் வரை வந்து, அங்கே கட்டியிருந்த பேனரை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, வந்த வழியே திரும்பிப் போய்விட்டார். அது என் அம்மா. பட்டியலில் அம்மா பெயரைக் கொடுத்தது நான்.

அன்று ராத்திரி வீட்டுக்குப் போனேன். அம்மா அழவில்லை, ஏசவும் இல்லை. சோற்றைப் போட்டு வைத்துவிட்டுக் கேட்டார்: "ஏல, அவிய மறைஞ்சிட்டாவன்னு ஒங்கிட்ட யாருல சொன்னா?"

எனக்குப் பதில் வரவில்லை. இன்றைக்கும் வரவில்லை.

2018 ஜூலையில், நான் ஆறாம் வகுப்புப் படிக்கும்போது, அப்பா திரேஸ்புரத்திலிருந்து நாட்டுப் படகில் கடலுக்குப் போனார். கச்சான் காற்று அடிக்கிற மாதம். நாலு பேர் போனார்கள், மூணு பேர் திரும்பி வந்தார்கள். விடியக்கருக்கலில் வலை இழுக்கும்போது திரும்பிப் பார்த்தால் ஆளைக் காணோம் என்றார்கள். தேடாத ஆள் இல்லை. ஊர்ப் படகுகள் போயின, கடலோரக் காவல்படைக் கப்பலும் போனது. கடல் எடுத்ததை மூன்றாம் நாள் கரையில் போட்டுவிடும் என்று எங்கள் பக்கம் பெரியவர்கள் சொல்வார்கள். மூன்றாம் நாள் போச்சு, முப்பதாம் நாளும் போச்சு. ஒரு சட்டைத் துணிகூடக் கரை ஒதுங்கவில்லை.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் சாவும் இல்லை, வாழ்வும் இல்லை. அம்மா தாலியைக் கழற்றவில்லை. அப்பாவின் செல் நம்பருக்கு இன்றைக்கும் ரீசார்ஜ் செய்கிறார். நாள் முடியப் போகிறது என்று ஞாபகப்படுத்துவது என் வேலை! கோயிலில் பூசைக்கு எழுதிக் கொடுக்கும்போது 'இறந்த ஆன்மா இளைப்பாற' என்று எழுதச் சொல்ல மாட்டார், 'நல்ல சுகம் வேண்டி' என்றுதான் சொல்வார். நவம்பர் 2 கல்லறைத் திருநாளில் ஊரே பூவும் மெழுகுவர்த்தியுமாகக் கல்லறைத் தோட்டத்துக்குப் போகும். எங்களுக்குப் போக ஒரு குழி கிடையாது. சின்ன வயதில் அதை நினைத்து எனக்கு வெட்கமாக இருந்தது. மற்ற பையன்களுக்கு அழுவதற்காவது ஒரு இடம் இருக்கிறதே என்று பொறாமையாகக்கூட இருந்திருக்கிறது. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை, இப்போதுதான் எழுதுகிறேன்.

"உங்க அம்மாவுக்கு மனசு சரியில்ல போல, டாக்டரக் காட்டுங்க" என்று சொன்னவர்கள் உண்டு. நானும் அப்படி நினைத்தேன். ஆனால் எங்கள் ஆங்கில ஆசிரியை படிக்கக் கொடுத்த ஒரு கட்டுரை என் எண்ணத்தை மாற்றியது. அமெரிக்காவில் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய பாலின் பாஸ் என்ற அம்மையார், வியட்நாம் போரில் காணாமல் போன விமானிகளின் குடும்பங்களை 1970களில் ஆராய்ந்தவர். 2001 செப்டம்பர் 11 தாக்குதலில் உடல்கூடக் கிடைக்காதவர்களின் குடும்பங்களோடும் இருந்தவர். தெளிவில்லாத இழப்பு என்று இதற்குப் பெயர் வைத்திருக்கிறார். உடலைக் காணாதவரை மனசு நம்ப மறுப்பது அந்த மனிதரின் நோய் அல்ல, நடந்த விஷயமே அப்படிப்பட்டது என்பது அவர் கட்சி. அதனால் 'முடித்துவிடு, மறந்துவிடு' என்று இவர்களை அவசரப்படுத்தக் கூடாது என்கிறார். 'செத்திருக்கலாம், வந்தாலும் வரலாம்' என்ற இரண்டு எண்ணத்தையும் ஒரே மனசில் வைத்துக்கொண்டு வாழப் பழகுவதுதான் வழியாம். எழுத்துக்கூட்டிப் படிக்கிற என் அம்மா, இதை எந்தப் புத்தகமும் இல்லாமல் ஏழு வருஷமாகச் செய்துகொண்டிருக்கிறார்!

அந்த நம்பிக்கையை வெறும் பைத்தியக்காரத்தனம் என்றும் தள்ளிவிட முடியாது. 2017 நவம்பர் 29, 30 தேதிகளில் வந்த ஓகி புயலை நினைத்துப் பாருங்கள். குமரி மாவட்டத்துத் தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளைப் பக்கம் (தூத்தூர் வேறு, நம் தூத்துக்குடி வேறு, வெளியூர்க்காரர்கள் குழப்பிக்கொள்கிறார்கள்) ஆழ்கடலுக்குத் தங்கல் போயிருந்த படகுகள் சிக்கின. ஆனால் பல படகுகள் லட்சத்தீவிலும் மகாராஷ்டிரத்திலும் குஜராத்திலும் போய்க் கரை சேர்ந்தன. போய்விட்டார்கள் என்று நினைத்தவர்கள் பல நாள் கழித்து வீட்டுக்கு வந்தார்கள். பக்கத்து வீட்டு ஆள் அப்படி வந்து நிற்கும்போது, இந்த வீட்டுக்காரி எப்படி மனசை முடிப்பாள்? நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் வராமலேயே போனார்கள் என்பதும் உண்மை. அந்தக் குடும்பங்களுக்கு ஏழு ஆண்டு விதியைத் தளர்த்தித் தலா 20 லட்சம் ரூபாய் தர அன்றைய தமிழக அரசு முடிவு செய்தது. அது நல்ல காரியம். ஆனால் ஓகி பெரிய புயல், செய்தித்தாள்களில் வந்தது. ஒரு படகிலிருந்து ஒரே ஒரு ஆள் காணாமல் போனால் அது எந்தப் பக்கத்தில் வரும்?

அது என்ன ஏழு ஆண்டு விதி? 1872ஆம் ஆண்டு சாட்சியச் சட்டத்தின் 108ஆம் பிரிவு. ஒருவரைப் பற்றி, சாதாரணமாகத் தகவல் தெரிந்திருக்க வேண்டியவர்களுக்கு ஏழு வருஷம் ஒரு தகவலும் இல்லையென்றால், அவர் உயிரோடு இருக்கிறார் என்று சொல்பவர்தான் அதை நிரூபிக்க வேண்டும். 2024 ஜூலை 1 முதல் அந்தச் சட்டம் போய்ப் புதுச் சட்டம் வந்துவிட்டது. ஏழு வருஷக் கணக்கு மட்டும் மாறவில்லை. எங்களுக்கு 2025 ஜூலையோடு ஏழு முடிந்தது. நீதிமன்றத்துக்குப் போகலாம், சான்றிதழ் வாங்கலாம், அதை வைத்து உதவி கேட்கலாம். எனக்கு டிப்ளமோ முடிந்து பி.இ. சேர ஆசை. எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். பணம் வேண்டும். அதனால்தான் பட்டியலில் பெயர் கொடுத்தேன், அதனால்தான் மனுவையும் எழுதி வைத்திருக்கிறேன். அம்மா கையெழுத்துப் போட வேண்டும். 'என் கணவர் இறந்துவிட்டார்' என்று அம்மா கையெழுத்துப் போட்டால் எனக்குப் படிப்பு. போடாவிட்டால் அப்பா எங்கேயோ இருக்கிறார். இப்படி ஒரு கணக்கை எந்தக் கணித ஆசிரியராவது போட்டுக் காட்டட்டும்!

நம் கடலுக்கு அந்தப் பக்கம் இலங்கையில், போரில் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார்கள் 2017 பிப்ரவரியில் கிளிநொச்சித் தெருவோரத்தில் பந்தல் போட்டு உட்கார்ந்தார்கள். பிள்ளைகளின் படத்தை மடியில் வைத்துக்கொண்டு வருஷக்கணக்காக உட்கார்ந்தார்கள். மரணச் சான்றிதழும் வேண்டாம், இழப்பீடும் வேண்டாம், பிள்ளை எங்கே என்று சொல்லுங்கள் என்பது அவர்கள் கேள்வி. அந்தத் துயரமும் எங்கள் துயரமும் ஒன்றல்ல. அங்கே கொண்டுபோனது மனிதர்கள், இங்கே கடல். ஆனாலும் அங்கே 2016இல் கொண்டுவந்த ஒரு சட்டத்தை நாம் கவனிக்க வேண்டும். ஆள் செத்துவிட்டார் என்று சொல்லாமல், 'ஆளைக் காணோம்' என்பதை மட்டும் பதிவு செய்கிற ஒரு சான்றிதழை அது தருகிறது. அதை வைத்துக் குடும்பம் சில உதவிகளைப் பெறலாம். அந்த நாட்டு அரசு மற்றதில் எப்படி நடந்துகொண்டது என்பது வேறு கதை, அந்தத் தாய்மார்களிடம் கேட்டால் சொல்வார்கள். இப்படி ஒரு காகிதம் நம் கடற்கரைக்கும் வேண்டும் என்று நம் மாணவர் சங்கம் ஒரு தீர்மானம் போட்டு அனுப்பினால் என்ன? அது வரும்வரை நம் கல்லூரி விண்ணப்பத்திலாவது 'தந்தை உயிருடன் உள்ளாரா? ஆம் / இல்லை' என்ற இடத்தில் மூன்றாவதாக ஒரு கட்டம் போடலாமே! மூன்று வருஷமாக அந்த இடத்தை நான் வெறுமையாக விட்டுக் கொடுக்கிறேன், எழுத்தர் அண்ணன் மூன்று வருஷமாகத் திருப்பிக் கொடுக்கிறார்.

சேவைக் கழகத்துக்கு வருகிறேன். அரிசியும் சேலையும் கொடுத்தது தப்பு என்று சொல்லவில்லை, வாங்கிய நான்கு பேருக்கும் அது உதவிதான். ஆனால் பேனரில் போட்ட அந்தச் சொல்லும், ஒருநாள் கூப்பிட்டு, போட்டோ எடுத்து, அடுத்த மாதம் மறந்துபோகிற பழக்கமும்தான் எனக்கு ஆகவில்லை. ரத்த தானம் கொடுத்தால் அன்றோடு முடிந்தது, மரம் நட்டால் தண்ணீர் விட ஆள் போட்டால் போதும். இந்த மாதிரித் துக்கம் அப்படி முடிகிற சங்கதி இல்லை. இதற்குத் திரும்பத் திரும்பப் போக வேண்டும். காவல் நிலையத்தில் கொடுத்த புகாரின் நகல் பத்திரமாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், அலுவலகங்களுக்குக் கூடப் போக வேண்டும். கையெழுத்துப் போடுங்கள் என்றும் சொல்லக் கூடாது, போடாதீர்கள் என்றும் சொல்லக் கூடாது. சும்மா உட்கார்ந்து, அவர் பேசினால் கேட்க வேண்டும்.

நம் ஊரில் 1961க்குப் பிறகு முத்துக்குளிப்பு நடக்கவில்லை. என் தாத்தா அதைப் பார்த்தவர். குளியாளி கீழே போகும்போது மேலே வள்ளத்தில் கயிற்றைப் பிடிப்பவர் பெரும்பாலும் பெண்சாதியின் கூடப்பிறந்தவனாக இருப்பாராம். தங்கச்சி தாலிக்காகவாவது கயிற்றை விடமாட்டான் என்று! நான் எழுதிய கூட்டச் செய்திகளில் எவ்வளவு நேரம் பிடித்திருந்தோம் என்ற விவரம் ஒருநாளும் இல்லை.

அக்டோபர் கூட்டத்தில் இதையெல்லாம் திக்கித் திணறிச் சொன்னேன். சிலர் தலையைக் குனிந்துகொண்டார்கள். ஒருவன் "இத ரிப்போர்ட்ல எப்படிடா காட்டுறது?" என்று கேட்டான். அது நியாயமான கேள்விதான். ஆனாலும் அடுத்த ஞாயிற்றுக்கிழமை செயலரும் இன்னும் இரண்டு பேரும் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். கையில் ஒன்றும் கொண்டுவரவில்லை. அம்மா டீ போட்டுக் கொடுத்தார். "ஒங்க வீட்ல எல்லாரும் நல்லா இருக்காவளாய்யா?" என்று விசாரித்தார். பிறகு அப்பா சாளை மீன் குழம்பு வைக்கும் பக்குவத்தைப் பற்றி ஒருமணி நேரம் பேசினார். ஏழு வருஷத்தில் அப்பாவைப் பற்றி அம்மா அவ்வளவு நேரம் பேசி நான் கேட்டதில்லை. மனு இன்னும் அலமாரியில்தான் இருக்கிறது.

நவம்பர் கூட்டச் செய்தியைப் பலகையில் பாருங்கள். மூன்றாவது வரி: "உறுப்பினர் ஒருவர் இல்லத்துக்குச் சென்றோம். எதுவும் வழங்கப்படவில்லை. டீ அருந்தினோம். அடுத்த மாதமும் செல்வதென முடிவு செய்யப்பட்டது."