வாடகை விளம்பரத்தில் சாதி எதற்கு?

ஆசிரியர் அவர்களுக்கு,

தங்கள் கடந்த ஞாயிறு இதழின் வரி விளம்பரப் பகுதியில், குறிப்பிட்ட சாதியாருக்கு மட்டும் வீடு வாடகைக்கு என்று சில விளம்பரங்கள் வந்திருந்தன. 'சைவம் மட்டும்' என்பவை அதைவிட அதிகம். அதே இதழின் தலையங்கம் சாதிப் பாகுபாட்டைக் கண்டித்தது. அந்தக் கண்டனம் விளம்பரப் பக்கத்துக்குப் பொருந்தாதா?

குரோம்பேட்டையில் மாடி போர்ஷனை வாடகைக்கு விடுபவன் நான். குடிவருபவரை விசாரிக்கவே கூடாது என்று சொல்ல வரவில்லை. எங்கே வேலை, எத்தனை பேர், முன்பிருந்த வீட்டில் வாடகை ஒழுங்காகக் கொடுத்தார்களா என்று கேட்காமல் சாவியைத் தூக்கிக் கொடுக்க நான் தர்மசத்திரம் நடத்தவில்லை. ஆனால் சமீபத்தில் வீடு காலியானதும் புரோக்கரிடம் சொன்னபோது அவர் கேட்ட முதல் கேள்வி: "நம்ம ஆளுங்க மட்டும்தானா சார், யாருக்கு வேணா விடலாமா?" அடுத்து நான்-வெஜ், பேச்சுலர், பாய் வீடு. "தனியா இருக்கற லேடீஸ் வேணாம்னு போட்டுக்கறேன்" என்று நான் சொல்லாமலே நோட்டில் எழுதிக்கொண்டார். சம்பளத்தையோ பழைய ஓனரின் போன் நம்பரையோ கேட்கும் எண்ணமே அவருக்கு இல்லை. வாடகை பாக்கிக்கும் கருவாட்டு வாசனைக்கும் என்ன சம்பந்தம்?

வீடு பார்க்க வருபவர்களிடம் ஆதார் நகலை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்கிறார் அந்த புரோக்கர். ஆளை உறுதிப்படுத்தத்தான் என்று நினைத்தேன். அப்பா பெயரையும் ஊரையும் பார்த்தால் "ஒரு ஐடியா கிடைச்சிடும்" என்றார். வீடு கிடைக்காதவர்களின் ஆதாரும் அந்த போனிலேயே கிடக்கிறது.

வாடகை வராதோ என்று அஞ்சும் உரிமையாளருக்குச் சட்டம் துணை இருக்கிறது. 2017இல் இயற்றப்பட்டு 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டப்படி ஒப்பந்தத்தை எழுத்தில் போட்டுப் பதிய வேண்டும். இரண்டு மாத வாடகை நின்றுபோய், நோட்டீஸ் கொடுத்தும் வராவிட்டால் வாடகை நீதிமன்றத்துக்குப் போகலாம்.

ஆனால், சாதி மதம் பார்த்து வீடு மறுக்கக் கூடாது என்று அந்தச் சட்டத்தில் ஒரு வரி இல்லை. அரசியலமைப்பின் 15(2) பிரிவு கடை, உணவகம், கிணறு, குளம் என்றெல்லாம் சொல்கிறது. வாடகை வீட்டைச் சொல்லவில்லை. அமெரிக்காவின் 1968ஆம் ஆண்டு வீட்டுவசதிச் சட்டமோ இனம், மதம் பார்த்து வீடு மறுப்பதையும், அப்படி விளம்பரம் அச்சிடுவதையும் தடை செய்கிறது. அங்கே பத்திரிகையும் அதற்குப் பதில் சொல்ல வேண்டும்.

நம் வாடகைச் சட்டத்திலும் சட்டமன்றம் இதே போல் ஒரு திருத்தம் கொண்டுவர வேண்டும். அதுவரை தாங்கள் காத்திருக்கத் தேவையில்லை. வரும் ஞாயிறு முதலே இத்தகைய விளம்பரங்களை வாங்க மறுக்கலாம்.

என் வீட்டுக்கான விளம்பரத்தை இத்துடன் அனுப்பியுள்ளேன். 'சாதி, மதம், சமையல் கேட்கப்பட மாட்டாது' என்ற வரியை வெட்டாமல் போடவும். கூடுதல் வார்த்தைகளுக்கான கட்டணத்தைக் கட்டிவிடுகிறேன்.

இப்படிக்கு,
வீட்டு உரிமையாளர் ஒருவர்,
குரோம்பேட்டை